மருந்தடிப்போருக்கான பாதுகாப்பு உடைத்தொகுதி: வயலில் பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்து விவசாய மருந்துக் கடைகளில், மருந்தடிப்பவர்களுக்கென்று ஒரு பாதுகாப்பு உடைத்தொகுதி பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. ஒற்றை வடிகட்டி பொருத்திய முகமூடி, கண்ணை மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி, ஒரு சோடிக் கையுறை, கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கும் மேலங்கி ஆகிய நான்கும் அதில் அடங்கும். வெல்லாவெளிப் பக்கத்தில் எங்கள் குடும்பம் செய்யும் வயலில், பெரும்போகத்தில் களைநாசினி விசிறியபோதும், கதிர் வரும் காலத்தில் அறக்கொட்டியானுக்குப் பூச்சிநாசினி அடித்தபோதும் இத்தொகுதியைப் பயன்படுத்தினோம். ஒரே பொருள் வெவ்வேறு பெயர்களில் வருவதால் எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வாங்க எண்ணுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகமூடி ஓரளவுக்கு உதவும், கண்ணாடி பரவாயில்லை, கையுறை இந்த வேலைக்கு உதவாது, மேலங்கியோ நனையாத பக்கத்தை மறைத்து நனையும் பக்கத்தைத் திறந்து விடுகிறது.

இந்த முடிவுக்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோலை விளக்க வேண்டும். நாசினி என்றவுடன் நம் ஊரில் எல்லோரும் நினைப்பது தலைச்சுற்று, வாந்தி, கண் எரிவு, மயக்கம் ஆகியவற்றைத்தான். அவை உடனே தெரியும். வாடிக்குத் திரும்பித் தேசிக்காய்த் தண்ணீர் குடித்துப் படுத்தால் போய்விடும் என்று நம்பவும் முடியும். போகத்துக்குப் போகம், ஆண்டுக்காண்டு, சிறிது சிறிதாக உடலில் சேரும் நாசினி நமது நிர்ப்பீடனத் தொகுதியை, அதாவது நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றலை, என்ன செய்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அதற்கு ஒரு நோவு இல்லை, ஒரு மணம் இல்லை, அடித்த அன்றே தெரியும் அறிகுறி எதுவும் இல்லை. ஆகவே ஒரு பாதுகாப்பு உடை நல்லதா என்பதை, அடித்துவிட்டு வந்த மாலையில் தலை சுற்றவில்லை என்பதை வைத்து முடிவுசெய்ய முடியாது. உடலுக்குள் போகும் மொத்த அளவை அது எவ்வளவு குறைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நிர்ப்பீடனத் தொகுதி நாசினிகளால் மூன்று விதமாகக் கெடக்கூடும் என்று நச்சியலாளர்கள் வகுத்துச் சொல்கிறார்கள். அதன் ஆற்றல் தளர்ந்து தொற்றுகளுக்கு இடம்கொடுக்கலாம்; தேவையில்லாத இடத்தில் மிகையாகக் கிளர்ந்து ஒவ்வாமையாகவும் ஆஸ்துமாவாகவும் வெளிப்படலாம்; தன் உடலின் கலங்களையே பகையாகக் கருதித் தாக்கவும் தொடங்கலாம். எல்லா நாசினியும் இம்மூன்றையும் செய்வதில்லை. நம் வயலில் அதிகம் புழங்கிய சிலவற்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

மலத்தியன், டயசினன், குளோர்பைரிபொஸ் போன்ற சேதனப் பொசுபரசுப் பூச்சிநாசினிகள், நரம்புக்குத் தேவையான கோலினெஸ்தரேசு என்னும் நொதியத்தை முடக்கியே பூச்சியைக் கொல்கின்றன. நம் உடலில் அதைப் போன்ற செயல்மையமுள்ள வேறு நொதியங்களும் உண்டு. வைரசு புகுந்த கலத்தையோ புற்றுநோய்க்குத் திரும்பிய கலத்தையோ அழிப்பதற்கு, இயற்கைக் கொல்லிக் கலங்கள் எனப்படும் வெண்குழியங்கள் அத்தகைய கிரான்சைம் என்ற நொதியத்தைச் செலுத்துகின்றன. ஆய்வுகூடத்தில் சேதனப் பொசுபரசுச் சேர்மங்களோடு வைத்துப் பார்த்தபோது, அக்கலங்களின் கொல்லும் ஆற்றல் குறைவதும், அளவு கூடும்போது அக்கலங்களே மடிவதும் பதிவாகியுள்ளன. நெல் வயலில் கோழிச்சூடன் போன்ற புல்லுக்கு நீண்ட காலம் அடிக்கப்பட்ட புரோப்பனில் என்னும் களைநாசினி, சுண்டெலிகளில் நிர்ப்பீடனக் கலங்கள் முதிரும் தைமசுச் சுரப்பியைச் சுருங்கச் செய்து, பிறபொருளெதிரிகள், அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள், உருவாவதையும் குறைத்தது. 2014 ஆம் ஆண்டின் இறுதியில் சிறுநீரக நோய் பரவிய பகுதிகளில் இலங்கை அரசு கட்டுப்படுத்திய நாசினிகளின் பட்டியலில் அதுவும் இருந்தது. ஆனால் அப்போது எங்கும் பேசப்பட்டது சிறுநீரகத்தைப் பற்றியே.

மனிதரிடம் செய்த பெரிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 இல் தொடங்கியது. ஏறத்தாழ 89,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். மருந்தடிக்க உரிமம் பெற்றவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளும் அவர்கள். சில நாசினிகளைக் கையாண்டவர்களிடம் மூச்சிரைப்பும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்பட்டன. என்பு மச்சையிலுள்ள பிறபொருளெதிரி தயாரிக்கும் கலங்களில் ஒரு கூட்டம் ஒழுங்கு தவறிப் பெருகும் நிலை, மருந்தடிக்கும் ஆண்களிடம் பொதுமக்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. அந்த நிலை உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு அது பின்னாளில் புற்றுநோயாக மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் மலத்தியன், டயசினன், களைநாசினியான கிளைபொசேற்று ஆகிய மூன்றையும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் மிகுந்தவை என்ற பிரிவில் சேர்த்தபோது, மனிதரிடம் கிடைத்த மட்டுப்பட்ட சான்றுகளில் நிணநீர்க் கலங்களில் தோன்றும் புற்றுநோய்க்கும் இடமிருந்தது. நிணநீர்க் கலங்கள் நிர்ப்பீடனத் தொகுதியின் கலங்களே.

இவற்றைப் படித்துவிட்டு, அடிக்கடி காய்ச்சல் வரும் ஒருவரைப் பார்த்து, இது நாசினியால்தான் என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆய்வுகள் காட்டுவது பெருந்தொகையான மக்களிடையே காணப்படும் தொடர்பைத்தான். சில நாசினிகளில் அத்தொடர்பு வலுவானது, சிலவற்றில் மெலிந்தது. ஆனாலும் உடலுக்குள் போகும் அளவைக் குறைப்பதற்கு இந்தச் சான்றுகளே போதும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. அந்த நிலையில் நின்றுதான் தொகுதியின் ஒவ்வொரு பொருளையும் பார்த்தேன்.

முதலில் முகமூடி, ஏனென்றால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் தொகுதியை வாங்குகிறார்கள். எங்கள் வயலில் மருந்தடிக்கும் அண்ணன் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, “எண்ணெய் மணக்காட்டி சரிதானே தம்பி, வேற என்னத்துக்குப் பயம்?” என்றார். எண்ணெய் என்று அவர் சொன்னது நாசினியைத்தான். பல ஆண்டு அனுபவமுள்ளவர். அவரைப் போலவே எங்கள் வட்டையில் எல்லோரும் ஆபத்தை மணத்தைக்கொண்டே அளக்கிறார்கள். முகமூடியின் றப்பர் விளிம்பு மென்மையாக இருந்தது, மூக்கின் மேல் நன்றாகப் பொருந்தியது, பட்டி இரண்டும் தலையில் வழுக்கவில்லை. வடிகட்டியில் கபில நிறப் பட்டியும் ‘ஏ’ என்ற எழுத்தும் இருந்தன. சேதன ஆவிகளை உறிஞ்சும் கரி அதற்குள் இருக்கிறது என்பதே அதன் பொருள். நாசினியைக் கரைக்கப் பயன்படுத்தும் கரைப்பானின் மணம் அதனால்தான் உள்ளே வரவில்லை.

ஆனால் விசிறும்போது காற்றில் மிதப்பது ஆவி மட்டுமன்று, நுண்துளிகளும் மிதக்கின்றன. அவற்றைப் பிடிப்பதற்கு ‘பி2’ என்று குறிக்கப்பட்ட, வெள்ளைப் பட்டியுள்ள துகள் வடிகட்டியும் சேர்ந்திருக்க வேண்டும். இத்தொகுதியில் அது இல்லை. கைப்பம்பியால் அடிக்கும்போது துளிகள் பெரிதாக இருந்து பெரும்பாலும் கீழே விழுந்துவிடும் என்பதால் குறை அவ்வளவு உறைக்காது. துளியை நுணுக்கி அடிக்கும் இயந்திர விசிறியைப் பயன்படுத்துபவர்களுக்கும், சிறுபோகத்தில் கச்சான் காற்று எழும்பிய பிறகும் அடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது பெரிய குறை. கொரோனாக் காலத்தில் மீந்த துணி முகமூடியையும் வைத்தியசாலை முகமூடியையும் கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்க்கிறேன். அவை ஆவியைத் தடுப்பதில்லை. நனைந்துவிட்டால் நாசினியை வாயருகே பிடித்துவைக்கும் துணியாகிவிடுகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் இந்த முகமூடி எவ்வளவோ மேல். தாடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விளிம்பு படியாது, பக்கவாட்டில் காற்று உள்ளே வரும்.

வடிகட்டியின் ஆயுளைப் பற்றிப் பையில் ஒரு வரிகூட அச்சிடப்படவில்லை. கரி, திறந்த நாளிலிருந்தே காற்றிலுள்ளவற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் கழற்றித் துடைத்து, காற்றுப் புகாத பையிலோ மூடியுள்ள டப்பாவிலோ வைக்க வேண்டும். நாசினிப் போத்தல்கள் இருக்கும் வாடி மூலையில் ஆணியில் மாட்டிவைத்தால் அடுத்த முறை அடிப்பதற்கு முன்பே அது நிறைந்துபோகும். மணம் சிறிது உள்ளே வரத் தொடங்கினாலும் உடனே மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு வடிகட்டி தனியாக வேண்டும் என்று கேட்டால், கடையில் முழுத் தொகுதியையும் மீண்டும் வாங்கச் சொல்கிறார்கள். இது ஏற்கத்தக்கதன்று.

அடுத்தது கையுறை. என் கோபம் முழுவதும் இதன்மீதுதான். வைத்தியசாலையில் பயன்படுத்துவது போன்ற மெல்லிய இலேற்றக்சுக் கையுறை, மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. போத்தலின் மூடியை இறுக்கித் திறந்த முதல் தடவையிலேயே பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கிழிந்தது. கிழியாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. எண்ணெய் வடிவில் வரும் செறிந்த நாசினிகளில் உள்ள கரைப்பான் மெல்லிய இலேற்றக்சை விரைவில் ஊடுருவும். இந்த வேலையின் மிக ஆபத்தான கணம், வயலில் நடந்து விசிறுவதைவிட, போத்தலிலுள்ள செறிந்த திரவத்தை அளந்து தாங்கியில் ஊற்றும் அந்தச் சில நிமிடங்களே. அப்போது கையில் படும் ஒரு துளியில் இருப்பது, கலந்த பின் படும் துளியிலிருப்பதைப்போலப் பல மடங்கு நஞ்சு. அந்தக் கணத்துக்கே உதவாத கையுறையைப் பாதுகாப்பு என்று பையில் கட்டி விற்பது, வெறுங்கையோடு போகிறவரைவிட அதைப் போட்டவரைக் கவனமற்றவராக்கும்.

கல்முனையில் ஒரு இரும்புக் கடையில், முழங்கையை எட்டும் தடித்த நைத்திரில் (கரைப்பானை நன்கு தாங்கும் செயற்கை றப்பர்) கையுறையைத் தனியாக வாங்கினோம். துணி உள்ளுறை இல்லாததைப் பார்த்து எடுத்தோம், ஏனென்றால் துணியில் ஒருமுறை நாசினி ஊறினால் கழுவிப் போக்குவது கடினம். நெல்லுக்கு அடிக்கும்போது கை கீழ்நோக்கியே இருப்பதால், சட்டைக் கையைக் கையுறைக்கு வெளியே விட வேண்டும்; மாமரத்துக்கோ பந்தலில் படர்ந்த பாகலுக்கோ அண்ணாந்து அடிப்பவர்கள் கையுறையைச் சட்டைக் கைக்கு மேலே இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வழியும் திரவம் நேரே உள்ளே போகும். கழற்றுவதற்கு முன் கையுறையோடு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் அண்ணனுக்கு இப்போது பழகிவிட்டது.

மேலங்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பம்பியின் தாங்கி 16 லீற்றர் கொள்ளும். நிரப்பி முதுகில் ஏற்றினால் ஏறத்தாழ 20 கிலோ. மூடியின் றப்பர் வளையம் பழசாகிப்போனால், வரம்பில் கால் தடுக்கும் ஒவ்வொரு தடவையும் திரவம் தளும்பிக் கசியும். அது முதுகுத்தண்டு வழியாக வழிந்து, சாரனின் கட்டில் ஊறி, அங்கிருந்து இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும். எங்கள் பம்பியின் தோள்பட்டியைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே வைத்த பஞ்சு மஞ்சளாகிக் கட்டிபட்டு, அதன் தையலில் காய்ந்த நாசினி வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்தது. வியர்வை பட்டதும் அந்தப் பொருக்கு கரைந்து தோளில் இறங்கும். மேலங்கியோ நெஞ்சையும் வயிற்றையும் மறைத்து, முதுகில் இரண்டு நாடாவோடு முடிகிறது. மருந்தைக் கலக்கும்போது முன்பக்கத்தில் தெறிப்பதை அது நன்றாகத் தடுக்கிறது, அந்த அளவில் அதைப் பாராட்டலாம். விசிறும்போது நனையும் முதுகும் இடுப்பும் காலும் அதற்கு வெளியே நிற்கின்றன.

தோலில் பட்டால் என்ன, கழுவினால் போகாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் பரத்தியன் என்ற பூச்சிநாசினியைத் தன்னார்வலர்களின் உடலில் வெவ்வேறு இடங்களில் சிறிதளவு பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் பூசியதில் ஏறத்தாழ 9 சதவீதம் உறிஞ்சப்பட்டது. உள்ளங்கையில் 12 சதவீதம். நெற்றியில் 36 சதவீதம், அதாவது முன்கையைப்போல நான்கு மடங்கு. விதைப்பையில் பூசியது ஏறத்தாழ முழுவதும் உள்ளே போயிற்று. பரத்தியன் இலங்கையில் 1984 இல் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் நம் தோல் அதே தோல்தான். சாரனின் கட்டில் ஊறும் கசிவு போய்ச் சேரும் இடம் எது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், முகமூடியை மட்டும் பெரிதாக நினைப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும். வயலில் விசிறுபவரின் உடலுக்குள் நாசினி போகும் முதன்மையான வழி மூச்சன்று, தோலே. வெயிலில் வியர்த்து, தோல் சூடாகி நனைந்திருக்கும்போது அந்த வழி மேலும் திறந்துகொள்கிறது.

இத்தொகுதியின் மேலங்கியைக் கலக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, விசிறுவதற்கு நீளக் காற்சட்டையும் நீளக்கைச் சட்டையும் போடச் சொன்னோம். முதுகுக்கும் தாங்கிக்கும் இடையில், இடுப்புக்குக் கீழே தொங்கும்படி ஒரு தடித்த பொலித்தீன் விரிப்பைத் தோள்வழியாகக் கட்டினோம். முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன உடையும் சந்தையில் உண்டு, ஆனால் மட்டக்களப்பு வெயிலில் அதைப் போட்டுச் சேற்றில் நடந்தால் வெப்பத்தால் மயங்கி விழ நேரும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பம்பியின் றப்பர் வளையத்தையும் மாற்றினோம். மொத்தத் தொகுதியும் தந்ததைவிடக் கூடுதலான பாதுகாப்பை அந்தச் சிறு வளையம் தந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தெறிப்பதைத் தடுக்கிறது, வியர்வையில் மங்கல் படிகிறது. உள்பக்கத்தில் சவர்க்கார நீரைத் தடவிக் காயவிட்டால் சற்றுக் குறைகிறது.

பையோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வருகிறது. படங்கள் உண்டு, எழுத்து ஆங்கிலத்தில் மட்டும். நாசினிப் போத்தலின் லேபலில் மூன்று மொழிகளும் இருக்க வேண்டும் என்று விதியிருக்கும் நாட்டில், அந்த நாசினியிலிருந்து காக்கும் பொருளின் குறிப்பு வாங்குபவருக்கு விளங்காத மொழியில் மட்டும் இருப்பதை ஏற்க முடியவில்லை. விசிறிமுனை அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதக் கூடாது, ஈர்க்கால் குத்த வேண்டும்; அடித்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது; வெற்றிலை போடுவதற்கு முன் கை கழுவ வேண்டும் என்ற மூன்று வரிகளைத் தமிழில் அச்சிட்டிருந்தாலே பலருக்குப் பயன்பட்டிருக்கும். துவைப்பதைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடித்தவரின் உடுப்பைக் கையால் கசக்கித் துவைக்கும் பெண்களும் வெறுங்கையோடுதான் அதைத் தொடுகிறார்கள். மருந்தடிக்கப் போகாத ஒருவரின் உடலுக்குள் அது போவதற்கு இதுவும் ஒரு வழி. எங்கள் வீட்டில் இரண்டாவது சோடி நைத்திரில் கையுறை கிணற்றடியில் இருக்கிறது. உடுப்பை முதலில் தனி வாளியில் ஊறவிட்டு அலசி, பிறகு சவர்க்காரத் தூளில் துவைக்கிறார்கள்.

இத்தனை குறை சொன்ன பின்னும், முகமூடியே இல்லாதவர்கள் இத்தொகுதியை வாங்கலாம் என்றே சொல்வேன். முகமூடியும் கண்ணாடியும் அந்த விலைக்குத் தகும். கையில் குறைந்த பணம் உள்ளவர்கள் வாங்க வேண்டிய வரிசை வேறு. முதலில் பம்பியின் றப்பர் வளையம், அடுத்து முழங்கையை எட்டும் நைத்திரில் கையுறை, பிறகு நீள உடுப்பும் முதுகு விரிப்பும், கடைசியில் முகமூடி. கூலிக்கு ஆள் பிடித்து அடிப்பிக்கும் வயற்காரர்கள் இவற்றைத் தாங்களே வாங்கிக் கொடுக்க வேண்டும். நாட்கூலிக்கு வருபவர், அன்றன்றைய வீட்டுச் செலவை விட்டுவிட்டுக் கையுறை வாங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரு போகத்தில் பல வயல்களுக்கு அடிப்பவர் அவர்; நாம் ஒருமுறை அடிப்பிக்கிறோம், அவர் உடலில் எல்லோருடைய வயலும் சேர்கிறது.

நாங்கள் வாங்கிய கடைக்காரரிடம் கையுறையைப் பற்றிச் சொன்னபோது மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது நீளக் கையுறை தனியாக வந்திருந்தது. வடிகட்டி இன்னும் வரவில்லை. அதுவரை, வாகனங்களுக்கு வர்ணம் அடிப்பவர்களுக்கான பொருள்களை விற்கும் கடைகளில் கேட்டால், ஆவிக்கும் துகளுக்கும் சேர்த்துச் செய்த வடிகட்டி கிடைக்கும். திருகுப் புரி எல்லா முகமூடிக்கும் ஒன்றாக இருப்பதில்லை; வாங்கப் போகும்போது முகமூடியையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து எடுங்கள். பெரும்போகத்து முதல் களைநாசினிக்கு முன்பே போய்விடுவது நல்லது.